கீழ்வீட்டுச் சின்னம்மா

அந்தக் குளிர்காலத்தில் எங்கள் வீட்டில் ஐந்து பேர் இருந்தோம். கேட்டால் நான்கு பேர் என்று சொல்லுவோம். தங்கச்சிக்கு அப்போது ஐந்து வயது. அவளுக்கு விரலால் எண்ணப் பழக்கியபோதே அம்மா அப்படித்தான் பழக்கினார். "அப்பா, அம்மா, அண்ணா, நான்" என்று அவள் எண்ணுவாள். அந்த அண்ணா நான்தான். பெருவிரலை உள்ளே மடித்துவிட வேண்டும். மடித்த அந்தப் பெருவிரல்தான் மாமா.

என்னோடு அந்த வருடங்களில் சுவிஸில், எம்மன்புரூக்கேயில் வளர்ந்தவர்களுக்கு இது விளங்கும். உங்களில் பாதிப் பேருடைய வீட்டிலும் ஒரு பெருவிரல் இருந்திருக்கும். லண்டன் போகிறவர், கனடா போகிறவர், வழியில் நின்றவர். நாங்கள் ஒரே வகுப்பில் இருந்தோம், ஒரே பேருந்தில் போனோம், ஆனால் ஒருவருக்கொருவர் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்று எல்லா வீட்டிலும் சொல்லியிருந்தார்கள்.

இதை நம் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளின் ஆண்டு மலருக்காக எழுதுகிறேன். என் மகளும் மகனும் அங்கேதான் படிக்கிறார்கள். எனக்கு ஊரில் படித்த தமிழ் இரண்டாம் வகுப்போடு நின்றுவிட்டது. மிச்சம் பத்திரிகை வாசித்துப் பிடித்துக்கொண்டது. பிழை இருந்தால் ரீச்சர் திருத்தட்டும். போன மாதம் பெற்றோர் கூட்டத்தில், சனிக்கிழமை பின்னேரங்களில் நம் மண்டபத்தை எரித்திரியர்களின் பாட்டுக் குழுவுக்கும் கொடுப்பதா என்று கதை வந்தது. ஒருவர் எழும்பிச் சொன்னார், "அவையள் இண்டைக்கு இஞ்ச, நாளைக்கு வேற நாடு. நிக்கிற சனமே இல்லை. இத்தாலியால வந்து இஞ்ச ஏறி, இஞ்சயிருந்து எங்கயோ போறவை. திறப்பைக் குடுத்துப்போட்டு ஆரைத் தேடுறது?" பலர் தலையாட்டினார்கள். நான் கையை உயர்த்தினேன். என் முறை வந்தபோது, கதிரைகளை யார் அடுக்குவது என்று மட்டும் கேட்டுவிட்டு இருந்துவிட்டேன். அன்று சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

அந்தக் குளிர்காலம் எனக்குப் பதினொரு வயது. நாங்கள் மூன்றாம் மாடியில் இருந்தோம். அப்பா இரும்புத் தொழிற்சாலையில் வேலை. அவருடைய உடுப்பிலிருந்து வருகிற எரிந்த எண்ணெய் மணம் குசினி வரைக்கும் நிற்கும். எங்களுக்கு நிரந்தர விசா இல்லை. பேர்னுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டுக் கடிதத்துக்குக் காத்திருந்தோம். அப்பாவைப் பொறுத்தவரை அந்தக் கடிதம் ஒரு கண்ணாடிக் கிளாஸ். யாரும் பலமாக மூச்சு விட்டாலும் விழுந்து உடைந்துவிடும். பேருந்து டிக்கெட், பள்ளிக்கூட வருகை, படிக்கட்டில் வைக்கிற சப்பாத்து என்று எல்லாவற்றிலும் அப்பாவுக்கு அந்தக் கிளாஸ்தான் தெரியும்.

மாமா அம்மாவின் தம்பி. மூன்று வருடம் ஜெர்மனியில் ஒரு முகாமில் இருந்தவர். அங்கே இரண்டு தரம் மறுத்துவிட்டார்கள். இலையுதிர் காலத்தில் ஒரு தோள்பையோடு வந்து சேர்ந்தார். கனடா போவதாகத் திட்டம். காசு வாங்கிக்கொண்டு ஆட்களைக் களவாக அனுப்புகிற ஏஜென்சிக்காரன் ஃபோனில் "அடுத்த மாதம்" என்பான். ஒவ்வொரு மாதமும் அடுத்த மாதமாகவே இருந்தது.

மாமாவுக்கென்று வீட்டில் சட்டங்கள் இருந்தன. நாங்கள் இல்லாத நேரம் தண்ணீர் திறக்கக் கூடாது. காலுறையோடுதான் நடக்க வேண்டும். யன்னல் திரையைத் தொடக் கூடாது. அவருடைய சப்பாத்து அலுமாரிக்குள். அவருடைய சேட்டுகளைப் பொது அறையில் காயப் போடாமல் அம்மா குளியல் தொட்டிக்கு மேலே ஒரு கயிறு கட்டிக் காயப்போட்டார். அரிசியைக்கூட அம்மா பெரிய பையாக வாங்கமாட்டார். லூசேர்னில் இருந்த தமிழ்க் கடைக்கு இரண்டு தரம் போய் இரண்டு சின்னப் பையாகக் கொண்டுவருவார். நாலு பேர் இவ்வளவு சாப்பிடுவார்களா என்று யாராவது பேருந்தில் கணக்குப் பார்ப்பார்கள் என்று பயம்.

மாமாவுக்கு ஒரு இருமல் இருந்தது. அதற்கு மட்டும் எங்களால் சட்டம் போட முடியவில்லை.

இரண்டாம் மாடியில், எங்களுக்கு நேர் கீழே, எரித்திரியாவிலிருந்து வந்த ஒரு குடும்பம். அந்த மனிதர் ஒரு வைத்தியசாலையின் சலவைப் பகுதியில் வேலை. மனைவி வீட்டில். ஒரு மகள், என்னை விட ஒரு வகுப்புக் கீழே. மூன்று பேர். அப்பாவும் அப்பாவின் நண்பர்களும் அவர்களைக் குறிக்க ஒரு சொல் வைத்திருந்தார்கள். பெரியவர்களுக்கு அந்தச் சொல் தெரியும். பிள்ளைகள் வாசிக்கிற இடத்தில் அதை எழுதமாட்டேன். நானும் அதைச் சொல்லியிருக்கிறேன் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

எங்களையும் அவர்களையும் சேர்த்துவைத்தது ஒரு திறப்பு. நிலக்கீழ் அறையில் எல்லா வீட்டுக்கும் பொதுவாக ஒரே ஒரு உடுப்புத் தோய்க்கும் மெஷின். இரண்டு கிழமைக்கு ஒரு நாள் ஒரு வீட்டுக்கு. சுவரில் பட்டியல் ஒட்டியிருக்கும். அந்த அறையின் திறப்பு ஒரு மரக்கட்டையில் கோர்த்திருக்கும், தொலையாமல் இருக்க. தன் நாள் முடிந்ததும் அடுத்த வீட்டுக்காரரின் கையில் அதைக் கொடுக்க வேண்டும். எங்களுக்குச் செவ்வாய், கீழ்வீட்டுக்குப் புதன். செவ்வாய் பின்னேரம் ஆறு மணிக்கு நான் அந்தக் கட்டையைக் கொண்டு ஒரு மாடி இறங்குவேன். கதவு நாலு விரல் அளவுக்குத் திறக்கும். ஒரு கை வரும். கட்டையை வாங்கும். கதவு மூடும்.

அப்பா சொல்லுவார், "கதவை முழுசாத் திறக்காத சனம். உள்ளுக்க என்னவோ கிடக்கு." அதை அவர் எங்கள் கதவின் சங்கிலிக்குப் பின்னால் நின்றுகொண்டுதான் சொல்லுவார்.

அவர்கள் மேல் அப்பாவுக்கு இருந்த முதல் சந்தேகம், அந்த மனிதர் ஹவுஸ்வார்ட்டோடு கதைப்பது. ஹவுஸ்வார்ட் என்றால் கட்டடத்தைப் பார்த்துக்கொள்பவர். எங்கள் கட்டடத்தில் ஒரு வயதான சுவிஸ்காரர், நீல மேலங்கி, காதில் பென்சில். இந்த இருவரும் படிக்கட்டில் நின்று இத்தாலி மொழியில் நெடுநேரம் கதைப்பார்கள். எரித்திரியா ஒரு காலத்தில் இத்தாலிக்காரர் ஆண்ட நாடு. அப்பா கதவுக் கண்ணாடிக்குள்ளால் பார்ப்பார். "என்ன இவ்வளவு கதை? ஒரு அகதிக்கும் ஹவுஸ்வார்ட்டுக்கும் அரைமணித்தியாலம் என்ன கதை? இவன் எங்களைப் பற்றித்தான் சொல்லுறான்." அவர்கள் கதைத்தது சைக்கிள் ஓட்டப் போட்டிகளைப் பற்றி என்று கீழ்வீட்டுப் பெண் பிள்ளை பிறகு ஒரு நாள் சொன்னாள். அவளுடைய தகப்பன் தங்கள் தலைநகர் அஸ்மாராவில் சைக்கிள் ஓட்டியவராம். நான் அதை அப்பாவிடம் சொன்னேன். அப்பா யோசித்துவிட்டு, "அப்பிடித்தான் சொல்லச் சொல்லியிருப்பினம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கீழேயிருந்து ஒரு புகை மணம் ஏறி வரும். அப்பா மூக்கைச் சுளித்து, என்னத்தையோ எரிக்கிறார்கள் என்பார். அம்மாதான், "அது கோப்பிக்கொட்டை வறுக்கிற மணம். மற்றது சாம்பிராணி" என்று சொன்னார். மாதா படத்துக்கு முன்னால் தினமும் சாம்பிராணி போடுகிறவருக்கு அது தெரியாமல் போகுமா. ஆனால் மாமா, அந்தக் கோப்பி மணம் கிழமை நாட்களிலும் காலை பத்து மணிக்கு வரும் என்று ஒருமுறை வாய் தவறிச் சொல்லிவிட்டார். அப்பா நிமிர்ந்தார். "பத்து மணிக்கோ? அந்த மனிசி பத்து மணிக்கு ஜெர்மன் வகுப்புக்கெல்லோ போறவ? மனிசனும் இல்லை, பிள்ளையும் பள்ளிக்கூடம். ஆர் வறுக்கிறது?"

மறு கிழமை அதற்குப் பதில் கிடைத்தது. அம்மா எங்கள் கூடையை மறந்துவிட்டதால், அவர்களுடைய புதன்கிழமையில் நிலக்கீழ் அறைக்குப் போனார். நானும் போனேன். கயிற்றில் இரண்டு வெள்ளைச் சால்வைகள் தொங்கின. கரையில் பச்சையும் சிவப்புமாகத் தையல். பக்கத்தில் பெண்களின் சட்டைகள். அம்மா கையால் தொடவில்லை, கண்ணால் அளந்தார். வீட்டுக்கு வந்து மெதுவாகச் சொன்னார், "அங்க ரெண்டு பொம்பிளையள் இருக்கினம். ஒராள் மெல்லிசு, ஒராள் மொத்தம்."

வேறு யாரும் அதைக் கண்டுபிடித்திருக்கமாட்டார்கள். ஒரு ஆளை ஒளித்துவைத்திருக்கிற வீட்டுக்காரிக்குத்தான் இன்னொரு வீட்டில் ஒளித்துவைத்த ஆள் தெரியும். உள்ளே காயப்போட வேண்டும் என்ற புத்தி அவர்களுக்கு இன்னும் வரவில்லை, அவ்வளவுதான்.

அப்பாவுக்கு அன்று முகம் தெளிந்துவிட்டது. "பிடி ஒண்டு கிடைச்சிட்டுது" என்றார். "அவையள் எங்களைச் சொன்னால் நாங்களும் சொல்லலாம்." மாமா தலையைக் குனிந்து வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார்.

பிறகு ஒரு நாள் எங்கள் கதவுப்பிடியில் ஒரு பை தொங்கியது. உள்ளே மூன்று எலுமிச்சம்பழமும் ஒரு துண்டு இஞ்சியும். யார் வைத்தது என்று எழுதியில்லை. அப்பா பையைக் கையில் தூக்கிப் பார்த்தார், மணந்து பார்த்தார். "இருமலுக்குக் குடுக்கிற சாமான். இருமல் இருக்கெண்டு ஆருக்குத் தெரியும்? எடுத்தமெண்டால் ஓமெண்டு சொன்ன மாதிரி." அதைக் குப்பைத் தொட்டியில் போட்டுவர என்னை அனுப்பினார். இஞ்சி விக்கிற விலையில் இப்படியா என்று அம்மா முணுமுணுத்தார்.

அடுத்த நாள் பள்ளிக்கூட முற்றத்தில் அந்தப் பெண் பிள்ளை என்னிடம் வந்து, உங்கள் வீட்டில் பகலில் இருமுவது யார் என்று ஜெர்மனில் கேட்டாள். நான் ரேடியோ என்றேன். அப்படியென்றால் ரேடியோவை டொக்டரிடம் கொண்டுபோங்கள் என்றாள். எனக்குக் கோபம் வந்தது. உங்கள் வீட்டில் பத்து மணிக்குக் கோப்பி வறுப்பது யார் என்று கேட்டேன். அவள் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. திரும்பி ஓடிவிட்டாள். எனக்கு வென்றுவிட்டது போல் இருந்தது.

அதை வீட்டில் சொன்னதுதான் தாமதம், அப்பா இரண்டு நாள் நித்திரை கொள்ளவில்லை. ஃப்ரிபூர்க்கில் இருந்த நண்பரிடம் மாமாவைச் சில நாள் வைத்திருக்கச் சொல்லிக் கேட்டார். மனைவி பிள்ளைத்தாய்ச்சி, இப்போது ஏலாது என்று அவர் சொல்லிவிட்டார். ஏஜென்சிக்காரன் இந்த முறை அடுத்த மாதம் என்று சொல்லவில்லை, மூன்று கிழமை என்றான். மூன்று கிழமை தாக்குப்பிடித்தால் போதும். அப்பா நாட்காட்டியில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தார். வட்டம் போட்டால் யாராவது பார்ப்பார்களாம்.

அந்த மூன்று கிழமையில் முதல் சனிக்கிழமை, காலை பத்து மணி போல், கதவு மணி அடித்தது.

நாங்கள் பழகிவைத்திருந்தபடி நடந்தோம். மாமா படுக்கையறை அலுமாரிக்குள். அம்மா குளிர்ச் சட்டைகளை அவருக்கு முன்னால் இழுத்துவிட்டுக் கதவைச் சாத்தினார். நான் கதவுக்கு. அப்பா எனக்குப் பின்னால். அப்பாவுக்கு ஜெர்மன் தெரியாது. நான்தான் அப்பாவின் ஜெர்மன்.

ஹவுஸ்வார்ட் நின்றார். ஒரு கையில் ஒரு தாள், மற்றக் கையில் பித்தளையில் ஏதோ சின்னச் சாமான். இந்த வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார். நான் நான்கு என்றேன். அப்பா விளங்காமலே நான்கு விரலைக் காட்டினார். தங்கச்சியும் ஓடிவந்து பெருவிரலை மடித்து நான்கைக் காட்டினாள். அவர் சிரித்துவிட்டுத் தாளில் குறித்தார். பிறகு சப்பாத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். படுக்கையறையையும் பார்க்க வேண்டும் என்று சொல்லி அந்தப் பக்கம் நடந்தார்.

நான் அதைத் தமிழில் சொன்னேன். அம்மா உடுப்புக் கூடையோடு படுக்கையறை வாசலில் நின்றார், விலகவில்லை. ஹவுஸ்வார்ட் மன்னிக்கவும் என்று மரியாதையாகச் சொல்லி, அவர் விலகுவதற்காக நின்றார். அலுமாரியின் பலகை ஒருமுறை கிரீச்சிட்டது. அப்பாவின் முகம் சாம்பலாகிவிட்டது. அவர் என் தோளைப் பிடித்தார்.

"சொல்லு மகன். கீழ்வீட்டில ஒரு ஆள் கூட இருக்கெண்டு சொல்லு."

அம்மா, "இஞ்சருங்கோ" என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது.

"சொல்லடா."

நான் சொன்னேன். ஹவுஸ்வார்ட் திரும்பி, என்ன சொல்கிறாய், நிச்சயமா என்று கேட்டார். நான் ஓம் என்றேன். அங்கே இரண்டு பெண்கள் இருக்கிறார்கள், காயப்போட்ட உடுப்பைப் பார்த்தோம், ஒன்று சின்ன அளவு ஒன்று பெரிய அளவு என்றேன். உடுப்புக் கதையை அப்பா எனக்குச் சொல்லித்தரவில்லை. அதை நானாகச் சொன்னேன். ஒரு பெரிய மனிதர் நான் சொல்வதை நின்று கேட்கிறாரே என்று எனக்குள் ஒரு பெருமைகூட வந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு கீழே இறங்கினார். நாங்கள் கதவைச் சாத்தவில்லை. படிக்கட்டு இடைவெளிக்குள்ளால் எல்லாம் கேட்டது. மணி அடித்தது. முதலில் இத்தாலி மொழி. பிறகு, அந்தப் பெண் பிள்ளை வந்து நின்றதாலோ என்னவோ, ஜெர்மன். மேல்வீட்டார் சொல்கிறார்கள், இங்கே நான்கு பேராம், உண்மையா என்று கேட்டார். பிறகு கதவு முழுதாகத் திறக்கிற சத்தம்.

பிள்ளைகளே, நான் இப்போது என்ன வேலை செய்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். ஆறு கட்டடங்களுக்கு நான்தான் ஹவுஸ்வார்ட். அந்தப் பித்தளைச் சாமான் இப்போது என் காற்சட்டைப் பையிலும் இருக்கிறது. ஹீட்டருக்குள் அடைபட்ட காற்றைத் திறந்துவிடுகிற சின்னத் திறப்பு அது. குழாய்களில் டொக் டொக் என்று சத்தம் வருகிறது என்று யாராவது முறைப்பாடு சொன்னால், மேல் மாடியிலிருந்து தொடங்கி ஒவ்வொரு அறை ஹீட்டரையும் பார்த்துக்கொண்டு இறங்குவோம். தாளில் ஆட்களின் எண்ணிக்கையைக் குறிப்பது தண்ணீர்ச் செலவைப் பிரிக்க. அலுமாரியைத் திறக்க எந்த ஹவுஸ்வார்ட்டுக்கும் உரிமை இல்லை. அன்று வந்தவர் யன்னலுக்குக் கீழே இருந்த ஹீட்டரில் குனிந்து, இரண்டு நிமிடம் காற்றை விட்டு, நல்ல நாள் சொல்லிவிட்டுப் போயிருப்பார். இந்த வேலையில் சேர்ந்த முதல் கிழமை ஒரு பழைய தொழிலாளி அந்தத் திறப்பை என் கையில் தந்தபோது, நான் அதைப் பார்த்தபடியே படியில் இருந்துவிட்டேன். காலையில் ஒன்றும் சாப்பிடவில்லையா என்று கேட்டார்.

அன்று கீழே சத்தம் அடங்கிய பிறகு மாமா அலுமாரியிலிருந்து வந்தார். அம்மா சோறு போட்டார். மாமா சோற்றுக் கோப்பையைத் தொடவில்லை. மூன்று வருடம் ஜெர்மன் முகாமில் இருந்தவர் என்று நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. நான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் அவருக்கு விளங்கியிருந்தது.

"அந்தப் பிள்ளை எனக்குக் கோப்பி தந்தவள்" என்றார்.

அப்பா, "எந்தப் பிள்ளை?" என்றார்.

"கீழ இருக்கிறவள். இவன்ர பள்ளிக்கூடப் பிள்ளையின்ர சின்னம்மா."

அப்போதுதான் எல்லாம் வெளியே வந்தது. நாங்கள் எல்லோரும் போன பிறகு இரண்டு வீட்டிலும் ஒவ்வொரு ஆள். ஒரு நாள் மாமா இருமினபோது கீழேயிருந்து ஹீட்டர்க் குழாயில் யாரோ கரண்டியால் இரண்டு தட்டுத் தட்டினார்கள். மாமாவும் பயந்து பயந்து இரண்டு தட்டினார். ஒரு கிழமை தட்டிக்கொண்டே இருந்தார்களாம். பிறகு ஒரு காலையில் மாமா காலுறையோடு ஒரு மாடி இறங்கினார். அதற்குப் பிறகு அநேகமாக எல்லா நாளும். அவர் கொஞ்சம் ஜெர்மன், அவ கொஞ்சம் ஜெர்மன், மிச்சம் ஆங்கிலமும் கையும்.

அவ ஊரிலிருந்து சூடானுக்கு நடந்து வந்தவ. கார்ட்டூமில் நாலு வருடம். பிறகு இத்தாலியில் ஏழு வருடம் ஒரு கிழவியைப் பார்த்துக்கொண்டு அந்தக் கிழவியின் வீட்டிலேயே இருந்திருக்கிறா. கிழவி செத்ததும் பிள்ளைகள் வீட்டைப் பூட்டிவிட்டார்கள். வேலையோடு விசாவும் போய்விட்டது. அக்காவிடம் வந்தா. இங்கேயும் நிற்க வழியில்லை. கனடாவுக்குப் போக ஒருவரைப் பிடித்திருக்கிறா. அங்கே அவவுக்கு யாரும் இல்லை.

"என்னட்டைக் கேட்டவள்," என்றார் மாமா, "உனக்கு அங்க போய் முதல்ல என்ன செய்ய விருப்பம் எண்டு. நான் வேலை தேடுவன் எண்டன். தான் ஒரு கதவைப் பூட்டுவாளாம். பிறந்ததில இருந்து மற்றாக்களின்ர வீட்டிலதானாம். தானே பூட்டித் தானே திறக்கிற ஒரு கதவு வேணுமாம்."

அப்பா மெதுவாகக் கேட்டார், "நீ கீழ போனனியோ? ஆரைக் கேட்டுப் போனனீ? அவள் உன்னை வேவு பாத்திருந்தால்?"

"பாத்திருந்தால் சொல்லியிருப்பாளே, அத்தான்."

"உனக்காகத்தானேடா சொன்னனான்."

"தெரியும். அதுதான் சோறு இறங்குதில்லை."

மாமா என்னை ஏசவில்லை. மற்ற நாட்களில் மருமகன் என்றுதான் கூப்பிடுவார். அன்று முழுவதும் என்னைக் கூப்பிடவே இல்லை.

குழாய்ச் சத்தம் எங்கேயிருந்து வந்தது என்று இப்போது உங்களுக்கு விளங்கும். முறைப்பாடு சொன்னது முதலாம் மாடியில் இருந்த ஒரு சுவிஸ் அம்மா. அவ மேல் குற்றமில்லை.

வீட்டு நிர்வாகத்திலிருந்து கீழ்வீட்டுக்குக் கடிதம் வந்தது. பதியாத ஆள் மாத முடிவுக்குள் பதிய வேண்டும், அல்லது போக வேண்டும். பதியப் போனால் திரும்ப இத்தாலிக்கு அனுப்புவார்கள். சின்னம்மா கடைசி நாள் வரை காத்திருக்கவில்லை. அடுத்த ஞாயிறு காலை, சனங்கள் கோயிலுக்குப் போகிற நேரம், நான் யன்னல் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். தெருவோரத்துப் பனி கறுத்துப் போயிருந்தது. கீழ்வீட்டு மனிதர் சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனார். குளிர்ச் சட்டைக்கு மேலே வெள்ளைச் சால்வை போட்ட ஒரு மெல்லிய பெண் பின்னால் போனா. நான் அவவை முழுதாகப் பார்த்தது அந்த ஒரு தரம்தான். வேலைக்குப் போகிறவர்கள் போலவே நடந்தார்கள், அவசரமில்லாமல். யாரும் சந்தேகப்படாமல் நடக்கிற அந்த நடை எங்கள் வீட்டிலும் பழக்கியதுதான்.

செவ்வாய்க்கிழமை வந்தது. ஆறு மணிக்குத் திறப்பைக் கொடுக்க வேண்டும். நான் வயிற்றுவலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன். அம்மா என்னை எழுப்பினார். "நானும் வாறன். நட" என்றார். இருவரும் இறங்கினோம்.

மணி அடித்ததும் கதவு முழுதாகத் திறந்தது. அந்தப் பெண் பிள்ளையின் தாய் நின்றா. கண்கள் வீங்கியிருந்தன. உள்ளே சுவரில் ஒரு மாதா படம், எங்கள் வீட்டில் இருப்பது போலவே, பிள்ளையைக் கையில் ஏந்தியபடி. அம்மா கட்டையை நீட்டினார். அவ அதை வாங்கி, அம்மாவின் கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டா. பிறகு என்னைப் பார்த்து, இதை உன் அம்மாவுக்குச் சொல்லு என்று, வகுப்பில் படித்த ஜெர்மனில், ஒவ்வொரு சொல்லாகக் கோர்த்துக் கோர்த்துச் சொன்னா. ஆறேழு வசனம் இருக்கும். எனக்கு எல்லாம் விளங்கியது.

அம்மா என்னைப் பார்த்தார். "என்னவாம்?"

"திறப்புக்கு நன்றியாம்" என்றேன்.

"இவ்வளவு நேரமும் அதையோ சொன்னவ?"

"ஓம்."

அம்மா நம்பவில்லை. ஆனால் அம்மாவுக்கு வேறு ஜெர்மன் இல்லை. அவ அம்மாவின் முகத்தில் பதிலைத் தேடினா. அம்மா தலையை ஆட்டினார், என்ன செய்வதென்று தெரியாமல். அந்தத் தலையாட்டலை அவ ஓம் என்று எடுத்திருப்பா. கையை விட்டா. நாங்கள் ஏறி வந்தோம்.

இரண்டு கிழமைக்குப் பிறகு மாமா போனார். போய்ச் சேர்ந்துவிட்டார் என்று நாலாம் நாள் ஃபோன் வந்தது. கோடை விடுமுறைக்கு முன் கீழ்வீட்டுக் குடும்பம் லோசான் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். அந்தப் பிள்ளை என்னோடு பிறகு கதைக்கவே இல்லை. அடுத்த வருடம் பேர்னிலிருந்து எங்களுக்குக் கடிதம் வந்தது. அப்பா அதைக் கையில் வைத்துக்கொண்டு குசினியில் நின்று அழுதார். அப்பா இப்போது இல்லை. அந்தச் சனிக்கிழமையைப் பற்றி அவர் ஒரு நாளும் வாய் திறக்கவில்லை. இந்த நாட்டில் கடைசி வரைக்கும் கதவுக் கண்ணாடிக்குள்ளால் பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறந்தார், மணி அடித்தது நான் என்றாலும்.

அப்பாவைக் குறை சொல்வது எனக்கு இலகு. அப்பா தமிழில்தான் சொன்னார். அந்த அறையில் ஜெர்மன் தெரிந்தது எனக்கும் ஹவுஸ்வார்ட்டுக்கும், அலுமாரிக்குள் இருந்தவருக்கும்தான். அப்பா என்ன சொன்னாலும் நான் வேறு எதையும் சொல்லியிருக்கலாம். அறை துப்பரவில்லை, வெட்கமாக இருக்கிறது, திங்கட்கிழமை வாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். அப்பாவுக்குத் தெரியவந்திருக்காது.

நாளைக்கு இங்கே நிற்கமாட்டார்கள் என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னபோது, நிற்கவிடாமல் செய்த ஒரு ஆள் பின் வரிசையில் இருக்கிறேன் என்று எழும்பிச் சொல்லியிருக்க வேண்டும். மண்டபத் திறப்பை அந்தப் பாட்டுக் குழுவுக்குக் கொடுக்க வேண்டும் என்பதுதான் என் கருத்து. அடுத்த கூட்டத்தில் கதைப்பேன்.

இந்த மலர் அம்மாவின் கைக்கும் போகும். பேரப்பிள்ளைகளின் பெயர் வருகிறதா என்று முதல் பக்கத்திலிருந்து பார்ப்பார், கண்ணாடியைத் தேடி எடுத்து எல்லாவற்றையும் வாசிப்பார். அதனால் மிச்சத்தை அம்மாவுக்குத்தான் எழுதுகிறேன்.

அம்மா, அவ அண்டைக்கு நன்றி சொல்லவில்லை. அவ சொன்னது இது. "அந்தக் கிழவர் எங்களிடமும் கேட்டார், மேலே எத்தனை பேர் என்று. என் கணவர் நான்கு பேர் என்று சொன்னார். உங்கள் தம்பி பயப்பட வேண்டாம். என் தங்கச்சியும் அவர் போகிற இடத்துக்குத்தான் போகிறாள். இரண்டு பேருக்கும் அங்கே ஒருவரும் இல்லை. அவர் போய்ச் சேர்ந்ததும் அவளைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள்."

அவவின் பெயரையும் சொன்னா, அம்மா. நான் மறக்கக்கூடாது என்று இரண்டு தரம் சொன்னா. நான் அதை மனதில் வைக்கவில்லை.